மூன்று மாதம் மறைத்து யாரைக் காப்பாற்றுகிறோம்?



நீண்ட பதிவு. கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கிற வாப்பாமார், உம்மாமார், புதிதாகக் கல்யாணம் முடித்த தம்பிமார், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிற சகோதரர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் முழுவதையும் வாசித்து முடித்த பிறகு கொமண்டில் திட்டுங்கள். அழிக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைப்பேறு பிழைத்துப் போனால் நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றிரவே நூறு வொய்ஸ் மெசேஜ். டொக்டர் சரியில்லை, நர்ஸ் ஏசினா, கவனயீனம், பேப்பரில் போட வேண்டும், பேஸ்புக்கில் லைவ் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் பிழை நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தால் திகதி, நேரம் எல்லாம் போட்டு எழுத்தில் முறையிடுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள். அது உங்கள் உரிமை.

ஆனால் அந்த நூறு மெசேஜில் ஒன்றாவது, இந்தப் பிள்ளை எத்தனையாவது வாரத்தில் கிளினிக்கில் பதிவு செய்யப்பட்டாள் என்று கேட்கிறதா? கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய இரத்தம் ஒரு தடவையாவது பரிசோதிக்கப்பட்டதா, மாப்பிள்ளை ஒரு நாளாவது அவளோடு கிளினிக்குக்குப் போனாரா என்று யாராவது கேட்கிறார்களா? பேற்றறைக்குள் நடக்கிற கடைசி ஆறு மணித்தியாலத்துக்கு மட்டும் கணக்குக் கேட்கிற நாம், அதற்கு முந்திய ஒன்பது மாதத்துக்கும், அதற்கும் முந்திய ஒரு வருடத்துக்கும் யாரிடம் கணக்குக் கேட்பது? அந்தக் கணக்கு நம் வீட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் இந்த நாட்டில் நமக்குக் கிடைத்திருப்பது என்னவென்று தெரிந்துகொள்வோம். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வீடு தேடி வரும் மிட்வைப் என்கிற முறை அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. 1940களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 1,500க்கும் அதிகமான தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். நமது உம்மம்மாமாரின் காலத்தில் பிள்ளைப்பேற்றில் மௌத்தான ஒருவர் இல்லாத குடும்பம் இல்லை. இன்று அந்தத் தொகை ஒரு இலட்சத்துக்கு முப்பதை அண்மித்து நிற்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாமல் ஆக்கிய நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணிகள் நேரத்தோடு பதிவு செய்து இரத்தம் கொடுத்ததால்தான் அது முடிந்தது. நம்மை விடப் பணக்கார நாடுகள் பலவற்றுக்கு இந்தச் சேவை இலவசமாகக் கிடையாது. நமக்கு வாசற்படி வரை வருகிறது. நாம் கதவைப் பாதி திறந்து, "இன்னம் ஒண்டும் இல்ல மிஸ்" என்று பொய் சொல்லி அனுப்புகிறோம்.

ஏன் அந்தப் பொய்? கண்ணூறு. மூன்று மாதம் முடியும் வரை யாருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும், கரு தங்காது.

கண்ணேறு உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சொல்லாதீர்கள். பேஸ்புக்கில் ஸ்கேன் படம் போடாதீர்கள். நல்ல விஷயம். ஆனால் மிட்வைப்பிடமும் டொக்டரிடமும் மறைப்பதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம்? கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

அந்த மூன்று மாதத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று விஞ்ஞான பாடம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற நரம்புக் குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்துவிட்டது. பல பெண்களுக்கு அப்போதுதான் சந்தேகமே வருகிறது. மூன்றாவது வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டு வாரத்துக்குள் கை, கால், கண், காது, இதயத்தின் அறைகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாகிவிடும். மூன்று மாதம் கழித்து நாம் இனிப்புக் கொடுத்துச் செய்தி சொல்லும்போது உறுப்புகள் எல்லாம் உருவாகி, வளர்ச்சி மட்டும்தான் மிச்சம்.

அந்த நரம்புக் குழாய் ஒழுங்காக மூடுவதற்கு உதவுவது ஃபோலிக் அமிலம். பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை நாளாந்தம் 400 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் சிபாரிசு. கரு தங்கிய பிறகு தொடங்குவதல்ல, தங்குவதற்கு முன்னால் தொடங்குவது. எம்.ஓ.எச். அலுவலகத்தில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். பார்மசியில் வாங்கினாலும் ஒரு பிளேன்டீயை விட மலிவு. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் பொம்பிளைக்கு மேக்கப் ட்ரயல் பார்க்கிற நமது ஊரில், எத்தனை மணப்பெண்ணின் கைப்பையில் இந்த மாத்திரை இருக்கிறது?

அந்தக் கைப்பையில் இருப்பது வேறொன்று. வெள்ளையாகும் கிறீம். லேபலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாத, யார் செய்தது என்று தெரியாத டப்பா. இப்படி விற்கிற கிறீம்கள் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போகும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். கல்யாண நாள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று மூன்று மாதம் அதைப் பூசிவிட்டு, அடுத்த மாதமே பிள்ளைக்கு துஆ கேட்கிறோம்.

இனி ஆண்கள் பக்கம் வருகிறேன். நிறையப் பேருக்கு இந்த இடத்தில்தான் வலிக்கும்.

பிள்ளை என்பது பெண்ணின் வேலை என்று யார் நமக்குச் சொல்லித் தந்தது? கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆனால் "இன்னம் ஒண்டும் இல்லையா?" என்று பெண்ணிடம்தான் கேட்கிறோம். ஒரு வருடம் ஆனால் அவளைத்தான் டொக்டரிடம் கொண்டுபோகிறோம், அவளுக்குத்தான் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம், அவளுடைய ஜாதகம் போல ரிப்போர்ட் கட்டு வளர்கிறது. பிள்ளை தங்காமைக்கான காரணம் ஆணிடமும் இருக்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த மருத்துவ உண்மை. ஆணுக்கான முதல் பரிசோதனை மிகச் சுலபமானது, மலிவானது. அதைச் செய்யாமல் இரண்டு வருடம் மனைவியை ஊசியாலும் ஸ்கேனாலும் அலைக்கழித்துவிட்டு, மூன்றாவது வருடம் "இரண்டாவது முடிக்கலாமா" என்று யோசிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருக்கிறீர்கள்.

சிகரெட் விஷயமும் அப்படித்தான். நமது பெண்கள் சிகரெட் குடிப்பதில்லை. ஆனால் கர்ப்பிணி இருக்கிற வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து குடிக்கிறவர் யார்? அந்தப் புகை தாயின் இரத்தத்துக்குள் போகிறது, நிறை குறைந்த பிள்ளைக்கு ஒரு காரணமாகிறது. ஆணின் விந்தணுவையும் அது கெடுக்கிறது. 2016 இல் நாடு தழுவிச் செய்த குடித்தொகை, சுகாதார ஆய்வில் பிள்ளைகளில் ஏறத்தாழ 16 வீதம் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்ததாகப் பதிவானது. அண்ணளவாக ஆறில் ஒன்று. எல்லாவற்றுக்கும் சிகரெட் காரணமல்ல. ஆனால் நம் கையால் நிறுத்தக்கூடிய காரணங்களில் அது ஒன்று.

வயதான நம் பெண்கள் பழக்கிவிட்ட வெற்றிலையும் இதோடு சேர்த்தி. சத்தி வருகிறது என்று கர்ப்பிணிக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது பாசம் என்று நினைக்கிறார்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தப்பட்டது. புகையிலையும் சேர்ந்தால் பிள்ளையின் நிறையையும் குறைக்கும்.

அடுத்தது சீனி வருத்தமும் பிரஷரும். கொஞ்சம் நேர்மையாகப் பேசுவோம். இந்த நாட்டில் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே பிரச்சினை இல்லை. மலையகத் தோட்டப்புறத்துத் தாய்க்குச் சாப்பாடு போதாது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குகிற அவளுக்கு இரத்தசோகை, நிறை குறைந்த பிள்ளை. அங்கே கேள்வி கூலியும் லயமும் பற்றியது. கொழும்பில் வேலைக்குப் போகிற பெண் முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு முதல் பிள்ளை பெறுகிறாள், அவளுக்கு வேறு ஆபத்து. நமது கரையோர ஊர்களில் என்ன? சாப்பாடு இல்லை என்று சொல்ல முடியாது. புரியாணி, வட்டிலப்பம், தொதல், பின்னேரம் நாலு மணிக்கு ரோல்ஸ், இரவு கொத்து. நடை இல்லை. பெண்பிள்ளை ஓ.எல். எழுதிய பிறகு வீதியில் நடப்பதே இல்லை. முச்சக்கர வண்டியில் ஏறி முச்சக்கர வண்டியில் இறங்குகிறாள். இருபத்திரண்டு வயதில் எண்பது கிலோ, ஆனால் இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே. கொழுத்திருந்தால் ஆரோக்கியம் என்று நினைக்கிறோம். உடம்பு பெருத்து இரத்தம் வற்றிய நிலை என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. மீனும் முருங்கை இலையும் காணியில் கிடைக்கிற ஊரில் இது நடக்கிறது.

கர்ப்பத்தின் முதல் வாரங்களில் தாயின் இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் கரு கலைவதற்கும் பிள்ளைக்கு இதயம், முள்ளந்தண்டு போன்றவற்றில் குறை வருவதற்கும் வாய்ப்புக் கூடுகிறது. கர்ப்பத்தில் வருகிற சீனி பிள்ளை பிறந்ததும் மறைந்தாலும், பின்னாளில் நிரந்தரமாகத் திரும்பி வரலாம். பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்வார்கள். நாற்பது முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

ஏற்கெனவே மருந்து குடிக்கிற பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். பிரஷருக்குக் கொடுக்கிற எனலப்ரில், லொசார்டன் போன்றவையும், வலிப்புக்குக் கொடுக்கிற வல்ப்ரொயேட்டும் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. தயவுசெய்து இதை வாசித்துவிட்டு நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். அது அதைவிட ஆபத்து. பிள்ளைக்கு முயற்சி செய்வதற்கு முன்னாலேயே டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. மூன்று மாதம் மறைக்கிற குடும்பத்தில் இந்த மாத்திரை மூன்று மாதமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

இதய வருத்தம். இன்று இலங்கையில் கர்ப்ப காலத்தில் தாய்மார் இறப்பதற்கு இரத்தப்போக்கும் பிரஷரும் மட்டும் காரணமில்லை. இதய நோய் முக்கியமான காரணங்களில் ஒன்று. சின்ன வயதில் தொண்டை நோவு வந்து, மூட்டு வீங்கி, அப்படியே விட்டதில் இதய வால்வு பழுதான பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு கூடும்போது அந்த வால்வு தாங்காது. மூச்சு வாங்கினால் "புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கல்யாணத்துக்கு முன் ஒரு டொக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டிருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

இப்போது சிலர் சொல்வார்கள்: "சேர், கல்யாணத்துக்கு முன்னால இரத்தம் பார்க்கிறது எல்லாம் வெள்ளைக்காரன்ட வேலை."

சவூதி அரேபியாவில் 2004 முதல் தலசீமியாவுக்கும் அரிவாள் செல் நோய்க்கும் திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை கட்டாயம். ஈரானில் 1997 முதல் தலசீமியாப் பரிசோதனை நாடு முழுக்க நடக்கிறது. அங்கே பத்து வருடம் வேலை செய்துவிட்டு வந்த காக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து அபாயாவையும் அத்தரையும் பேரீச்சம்பழத்தையும் கொண்டுவந்தோம். இந்த நல்ல பழக்கத்தை மட்டும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். தலசீமியா காவிகள் இரண்டு பேர் திருமணம் செய்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளை நோயோடு பிறப்பதற்கு. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். மச்சான், மச்சினி முறையில் முடிக்கிற குடும்பங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே முதல் சந்தேகம் தெரிந்துவிடும்.

நமது பக்கத்துக் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காணியை விற்று, கடன் பட்டு, வாப்பா வெளிநாட்டில் கிடந்து, பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டுகிறோம். டைல்ஸ் எந்த நிறம், பென்ட்ரி கபட் எந்த மரம் என்று ஆறு மாதம் பேசுகிறோம். மண்டபத்துக்கும் வலீமாவுக்கும் இலட்சக்கணக்கில் போகிறது. இத்தனைக்கும் நடுவில் இரண்டு பேரின் இரத்தத்தைப் பார்க்க ஒரு முற்பகல் கிடைப்பதில்லை. சுகாதார அமைச்சு ஒரு தசாப்தத்துக்கும் மேலாகப் புதுமணத் தம்பதிகளுக்கென்று தனியான நிகழ்ச்சித் திட்டம் வைத்திருக்கிறது. நிறை, உயரம், பிரஷர், சீனி, இரத்தசோகை, தடுப்பூசி, எல்லாம் பார்த்து ஆலோசனை சொல்வார்கள். மிட்வைப்பிடம் பெயரைக் கொடுத்தால் போதும். எத்தனை மாப்பிள்ளைமார் போயிருக்கிறீர்கள்? கொமண்டில் கை தூக்குங்கள், பார்ப்போம்.

வயது விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவதா இல்லையா என்று பல வருடமாகச் சண்டை பிடிக்கிறோம். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. நான் உடம்பைப் பற்றிப் பேசுகிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதுக் கர்ப்பத்தில் இரத்தசோகையும் பிரஷரால் வருகிற வலிப்பும் நேரத்துக்கு முந்திய பிரசவமும் கூடுதலாக நடக்கின்றன. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக இடுப்பெலும்பு விரிந்துவிடாது. வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை அடுத்த வருடம் கர்ப்பிணியாகக் கிளினிக் வரிசையில் காண்பதில் எனக்குப் பெருமை இல்லை. அவளுடைய வாப்பாவுக்கும் இருக்கக் கூடாது.

"பெண் டொக்டர்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கோரிக்கை நியாயமானது. வெட்கம் நமது மார்க்கத்தின் பகுதி. ஆனால் அந்தப் பெண் டொக்டரும் மிட்வைப்பும் வானத்திலிருந்து இறங்க மாட்டார்கள். யாரோ ஒருவர் தன் மகளை உயர்தரத்தில் உயிரியல் படிக்க விட வேண்டும், வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சிப் பாடசாலைக்கும் அனுப்ப வேண்டும், இரவு வேலைக்குப் போக விட வேண்டும். நமது ஊர்களில் அப்படி அனுப்பிய பெற்றோர் இருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் மிட்வைப் வேலை என்றால் முகம் சுளிக்கிறவர்கள் அதைவிட அதிகம். "டீச்சர் வேலை எண்டா பரவாயில்ல, மிட்வைப்பா வெயிலுக்க வீடு வீடா அலையணுமா?" என்கிறார்கள். உங்கள் மகளை அனுப்ப மாட்டீர்கள், உங்கள் மனைவிக்கு மட்டும் இன்னொருவரின் மகள் வந்து பார்க்க வேண்டும். இது என்ன நியாயம்?

பாடசாலையையும் விடவில்லை. சுகாதாரப் பாடப் புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வந்ததும் "வீட்டில வாசிச்சிக்கங்க" என்று பக்கத்தைத் தாண்டிப் போகிற ஆசிரியர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். ஹைழ், நிபாஸ், குளிப்பு என்று பிக்ஹு கிதாபுகளில் நமது இமாம்கள் வெட்கப்படாமல் எழுதிவைத்த விஷயத்தை, பட்டம் முடித்த ஆசிரியர் பேச வெட்கப்படுகிறார். பிள்ளைகள் அதைப் போனில் தேடிப் பிழையாகப் படிக்கிறார்கள்.

இனி மிகக் கஷ்டமான விஷயம். அரச ஆஸ்பத்திரி மீதும் குடும்பக் கட்டுப்பாடு மீதும் நமது மக்களுக்கு இருக்கிற சந்தேகம். அது வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி பரப்பி நமது கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். 2019 இல் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது கருத்தடைக் குற்றச்சாட்டைச் சுமத்தி நாட்டையே கிளப்பினார்கள். கொரோனா காலத்தில் நமது ஜனாஸாக்களை எரித்தார்கள். இத்தனையும் பார்த்த சமூகத்துக்குப் பயம் வராமல் இருக்குமா?

ஆனால் யோசித்துப் பாருங்கள். "மாத்திரையில் என்னமோ கலக்கிறார்கள்" என்ற வதந்தியால் நம்மைத் தாக்கினார்கள். அதே வதந்தியை இப்போது நாமே நமது மிட்வைப்பின் மாத்திரை மீது சொல்கிறோம். நம்மை அடித்த கம்பை நாமே எடுத்து நமது மனைவிமாரை அடிக்கிறோம். இரும்புச் சத்து மாத்திரையைக் கோழிக்கூட்டுக்குள் எறிகிற பெண்கள் இருக்கிறார்கள். அதில் இருப்பது இரும்பு மட்டும்தான். குடிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: மாத்திரை போட்டு உடனே பிளேன்டீ குடித்தால் பாதி வீண். தேயிலை இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது. இரவில் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போடுங்கள். 1973 இலிருந்து கொடுக்கப்படும் திரிபோஷா கர்ப்பிணிக்கு என்று தருவது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வீட்டிலுள்ள எல்லோரும் சாப்பிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

பிள்ளைகளுக்கிடையில் இடைவெளி விடுவதைப் பற்றியும் அப்படித்தான். ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 24 மாதமாவது கழித்தே அடுத்த கர்ப்பத்துக்கு முயற்சிக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. இது நமக்குப் புதிய செய்தியா? சூரத்துல் பகராவின் 233ஆவது வசனம் பாலூட்டலுக்கு எவ்வளவு காலம் சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சஹாபாக்கள் அஸ்ல் செய்தது பற்றிய ஹதீஸ்களை உலமாக்கள் அறிவார்கள். தற்காலிகமாக இடைவெளி விடுவதையும் நிரந்தரமாக நிறுத்துவதையும் ஒன்றாகக் குழப்பி, பெண்களைப் பயமுறுத்துவதை நிறுத்துங்கள். உடம்பு தேறாத நிலையில் வருடா வருடம் பிள்ளை பெற்று உம்மத்தைப் பெருக்கச் சொல்கிறவர், அந்த உம்மத்தின் உம்மாவுடைய இரத்தம் எத்தனை கிராம் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும்.

றமழானிலும் இதுதான். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சீனிக்கு இன்சுலின் போடுகிற கர்ப்பிணி, டொக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், "ஊர் என்ன சொல்லும்" என்று நோன்பு பிடிக்கிறாள். அல்லாஹ் தந்த சலுகையை ஊர் பறிக்கிறது.

1994 இல் செரீன் தடியஸ், டெபோரா மெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்து மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைக்கத் தாமதம். மூன்றாவதைப் பற்றித்தான் நமது வட்ஸ்அப் குழு கத்துகிறது. முதலாவது நமது வீட்டு ஹோலுக்குள் நடக்கிறது. "அவர் வெளிநாட்டில, கோல் எடுத்துக் கேட்போம்", "மாமி வரட்டும்", "விடியட்டும்" என்று சொல்லி முடிக்கும்போது இரண்டு மணித்தியாலம் போய்விடும். பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் போகத் தொடங்கினால் அவ்வளவு நேரம் இருக்காது.

ஆகவே பின்வரும் அறிகுறி எதைக் கண்டாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இரத்தம் படுதல். தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல். முகமும் கையும் திடீரென வீங்குதல். வலிப்பு. காய்ச்சல். படுக்க முடியாமல் மூச்சு வாங்குதல், நெஞ்சு நோவு. தண்ணீர் உடைதல். பிள்ளையின் அசைவு குறைதல். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கணவன் டோஹாவில் இருந்தால் அவருக்குப் பிறகு சொல்லலாம்.

பிள்ளை பிறந்த பிறகும் கதை முடியவில்லை. நாற்பது நாள் கட்டிலிலேயே கிடக்க வைப்பதும், தண்ணீரைக் குறைப்பதும் காலில் இரத்தம் கட்டுவதற்கு வழி. சரக்கு அரைத்துக் கொடுங்கள், கோழி சமைத்துக் கொடுங்கள், ஆனால் நடக்க விடுங்கள், தாகத்துக்குக் குடிக்க விடுங்கள். அவள் காரணமில்லாமல் அழுதால், பிள்ளையைத் தூக்க விருப்பமில்லை என்றால், "ஜின் பிடித்துவிட்டது" என்று முடிவெடுக்காதீர்கள். ஓதுங்கள். அதோடு டொக்டரிடமும் காட்டுங்கள். மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு உயிரைக் குடிக்கும் நோய்.

ஏசிவிட்டு மட்டும் போகாமல், என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன்.

1. பள்ளிவாசல் நிருவாகத்துக்கு: நிக்காஹ் திகதி குறிக்க வருகிற இரண்டு குடும்பத்துக்கும், புதுமணத் தம்பதி கிளினிக்கின் நாளும் இடமும் எழுதிய ஒரு துண்டைக் கொடுங்கள். கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்தச் சொல்கிறேன். சீதனப் பட்டியலைக் கேட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையல்ல.

2. கதீப்மாருக்கு: வருடத்தில் ஐம்பத்திரண்டு ஜும்ஆ. இரண்டை இதற்குத் தாருங்கள். முன்வரிசையில் இருக்கிற ஆண்களுக்குப் பேசுங்கள். பெண்களுக்கு உபதேசம் போதுமான அளவு கிடைக்கிறது.

3. கணவன்மாருக்கு: ஊரில் இருக்கிறவர் ஒரு தடவையாவது கிளினிக்குக்குப் போங்கள். வெளியில் மோட்டார் சைக்கிளில் இருந்து போன் பார்ப்பது போவதாகாது. உள்ளே போய் மிட்வைப்பிடம் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர் லீவுக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே மனைவியை ஃபோலிக் அமிலம் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் சீனியையும் பிரஷரையும் வந்தவுடன் பாருங்கள்.

4. உம்மாமாருக்கு: நமது பக்கத்தில் பெண்பிள்ளை கல்யாணம் முடித்தும் உம்மாவின் பக்கத்திலேயே இருக்கிறாள். எத்தனையோ ஊர்ப் பெண்களுக்குக் கிடைக்காத பலம் அது. அந்தப் பலத்தை மறைப்பதற்குப் பாவிக்காமல், மாதவிடாய் தள்ளிய வாரமே மிட்வைப்புக்கு ஒரு கோல் எடுக்கப் பாவியுங்கள். எட்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். ஊருக்கு வேண்டுமானால் ஐந்து மாதம் கழித்துச் சொல்லுங்கள்.

5. இளைஞர் கழகங்களுக்கு: கிரிக்கட் சுற்றுப்போட்டி நடத்துகிற அதே கழகம் வருடத்துக்கு ஒரு இரத்ததான முகாம் நடத்தட்டும். பேற்றறையில் இரத்தம் போகிற தாய்க்குக் கொடுக்க இரத்த வங்கியில் இரத்தம் இருக்க வேண்டும். துஆவோடு அதுவும் வேண்டும்.

இவை எதற்கும் நிதி வேண்டாம், அரசியல்வாதி வேண்டாம், திறப்பு விழா வேண்டாம்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று யாராவது எழுதுவீர்கள். ஆம், எல்லாம் அவன் நாட்டம்தான். வீடு கட்டும்போது அத்திவாரத்துக்குக் கம்பி போடாமல் அப்படிச் சொன்னீர்களா? கடைக்குப் பூட்டுப் போடாமல் சொன்னீர்களா? பெண்ணின் உடம்பு என்று வரும்போது மட்டும்தான் நமக்குத் தவக்குல் ஞாபகம் வருகிறது. அல்லாஹ்வின் நாட்டத்தின் மீது நமது சோம்பலைச் சுமத்தாதீர்கள்.

சாதாரண ஆண்டொன்றில் இந்த நாட்டில் நூறை அண்மித்த தாய்மார் பிள்ளைப்பேற்றோடு மௌத்தாகிறார்கள். ஒவ்வொரு மரணமும் அதிகாரிகளால் விசாரிக்கப்படுகிறது. எங்கே பிழைத்தது, எதைத் தடுத்திருக்கலாம் என்று கேட்கிறார்கள். நமது ஊரில் அடுத்த தடவை அப்படி ஒரு விசாரணை நடந்தால், மிட்வைப்பின் பதிவேட்டில் "முதல் பதிவு" என்ற இடத்தில் என்ன வாரம் எழுதப்பட்டிருக்கும் என்பதை அவள் வீட்டார்தான் தீர்மானிக்கிறார்கள்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கிளினிக் நாள் தெரியாதவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், விசாரித்துச் சொல்கிறேன். வெளியில் கேட்க வெட்கமான கேள்விகளைப் பெண்கள் தங்கள் பகுதி மிட்வைப்பிடமே கேளுங்கள். அவர் கேட்காத கேள்வி இல்லை.

நமது தாய்மாருக்கும் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. பிள்ளைப்பேற்றில் மௌத்தானவர்களை ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்ப்பானாக. ஆமீன்.

பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள். குறிப்பாக மாப்பிள்ளைமாருக்கு.